முத்திரை தராசுக்கு மட்டும்தானா?

மண்ணெண்ணெய் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது என்ன? பேரல், கைப்பம்பு, புனல், லிட்டர் அளவை, கேனோடு நிற்கும் வரிசை. நம்மில் பலர் அந்த வாசனையோடு வளர்ந்தவர்கள். அதே மண்ணெண்ணெய்தான் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் எரிபொருள் என்றால் வியப்பாக இருக்கும்.

எரிவாயுக் குழாய் எட்டாத ஊர்ப்புறங்களில் வீட்டுக்குப் பின்னால் ஓர் எண்ணெய்த் தொட்டி இருக்கும். டேங்கர் லாரி வந்து நிரப்பிவிட்டுப் போகும். அந்த எண்ணெயை எரித்துத் தண்ணீரைச் சூடாக்குவது கொதிகலன். சுடுநீர் குழாய் வழியே அறைதோறும் சென்று வீட்டைக் கதகதப்பாக வைக்கிறது. வட அயர்லாந்தில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகள் எண்ணெயை நம்பியே குளிர்காலத்தைக் கழிக்கின்றன.

இந்தக் கொதிகலனைப் பொருத்துகிறவர் எப்படித் தகுதி பெறுகிறார் என்பதை நாம் இங்கே சொல்ல வருவதற்குக் காரணம் உண்டு. அந்த ஏற்பாட்டை உருவாக்கியது நம்முடையது போன்ற ஒரு தொழில் சங்கம்.

பழி யார் தலையில்?

பொருள் நல்லது, பொருத்தியது சரியில்லை. வாடிக்கையாளர் யாரைத் திட்டுவார்? விற்றவரைத்தான். அடுப்பு, மோட்டார் விற்கும் நம் நண்பர்களுக்கு இது புதிதல்ல.

கொதிகலனில் இது வெறும் வசவோடு போவதில்லை. பம்பு எண்ணெயை அழுத்தித் தள்ள, ஊசித்துளை போன்ற நாசில் அதைப் பனிமூட்டம்போல் சிதறடிக்கிறது. மின்விசிறி காற்றைச் சேர்க்க, மின்பொறி தீ மூட்டுகிறது. நாசிலின் அளவோ பம்பின் அழுத்தமோ காற்றின் அளவோ தவறினால் கரி படியும், எண்ணெய் வீணாகும். அதைவிடக் கொடியது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. புகைபோக்கியும் சரியில்லையென்றால் தூங்குகிறவரைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

முதல் நாள் எல்லாக் கொதிகலனும் நன்றாகத்தான் எரியும். கோளாறு தெரிவது பிறகுதான். ஆகவே பொருத்துகிறவரின் கை சரியானதா என்பதை முன்கூட்டியே அறிய வழி வேண்டும்.

சங்கம் எடுத்த முடிவு

எரிவாயு வேலைக்கு பிரிட்டனில் சட்டமே இருக்கிறது. பதிவேட்டில் பெயர் இல்லாதவர் அதைத் தொழிலாகச் செய்யக் கூடாது. 2009 முதல் அந்தப் பதிவேட்டுக்கு 'கேஸ் சேஃப்' என்று பெயர். எண்ணெய்க் கொதிகலனுக்கு அப்படிக் கட்டாயப் பதிவுச் சட்டம் இல்லை.

சட்டம் வரட்டும் என்று அந்தத் தொழிலில் இருந்தவர்கள் காத்திருக்கவில்லை. 1991-ல் 'ஆஃப்டெக்' என்னும் எண்ணெய் எரிப்புத் தொழில்நுட்பச் சங்கத்தை அமைத்தார்கள். பயிற்சிக்கு வரையறை, தேர்வு, தேறியவருக்குப் பதிவு என்று முறைப்படுத்தினார்கள்.

என்ன படிக்க வேண்டும்?

வேலைக்கு ஏற்பத் தனித்தனிச் சான்றிதழ். கொதிகலனைப் பராமரித்து இயக்கி வைக்க ஒன்று, பொருத்த ஒன்று, எண்ணெய்த் தொட்டி அமைக்க ஒன்று. ஒன்றில் தேறியவர் மற்றதில் கைவைக்க உரிமை கோர முடியாது. அனுபவசாலிக்குச் சில நாள் வகுப்பும் தேர்வும் போதும். புதியவர் தேர்ந்தவரோடு வேலைத்தலத்தில் பழகிய பிறகே தேர்வுக்கு வருவது முறை.

தேர்வு எழுத்திலும் உண்டு, செய்முறையிலும் உண்டு. புகையைக் கருவியால் அளந்து காற்றைச் சரிசெய்ய வேண்டும். சுடர் அணைந்தால் எண்ணெயை நிறுத்தும் ஒளிக்கண் வேலை செய்கிறதா, கொதிகலன் அருகே தீப்பிடித்தால் வீட்டுக்கு வெளியிலேயே எண்ணெயை அடைக்கும் வால்வு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தொட்டிக்கும் கணக்கு உண்டு. தீத்தடுப்புச் சுவர் இல்லையென்றால் வீட்டிலிருந்து 1.8 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். கசிவு மண்ணையோ நீரையோ கெடுக்கும் இடமானால், தொட்டியைச் சுற்றி இன்னொரு கொள்கலன் வேண்டும். அது தொட்டியின் கொள்ளளவில் 110 சதவீதம் கொள்ள வேண்டும். 1000 லிட்டர் தொட்டி என்றால் 1100 லிட்டர்.

எல்லாவற்றுக்கும் மேலானது ஒன்று: சான்றிதழுக்கு ஆயுள் 5 ஆண்டு. அதற்குள் மீண்டும் தேர்வுக்கு உட்கார வேண்டும். இருபது ஆண்டு அனுபவம் என்று சொல்லி யாரும் தப்ப முடியாது. விதிகள் மாறுகின்றன, கருவிகள் மாறுகின்றன. 2007 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புகையின் வெப்பத்தையும் பிடித்துப் பயன்படுத்தும் புதுவகைக் கொதிகலனே பொது விதியானது. பழைய படிப்பு அதற்குப் போதவில்லை.

கட்டாயம் இல்லாமல் ஏன் சேர்கிறார்கள்?

நாம் வணிகர்கள். இந்தக் கேள்வி நமக்கு எழத்தான் செய்யும். பதில் எளிது: லாபம் இருக்கிறது.

பதிவு பெறாதவர் இங்கிலாந்தில் புதுக் கொதிகலன் பொருத்தினால், உள்ளாட்சியின் கட்டட அலுவலகத்துக்கு முன்கூட்டி அறிவித்து, கட்டணம் கட்டி, ஆய்வுக்குக் காத்திருக்க வேண்டும். பதிவு பெற்றவரோ 2002 முதல், தான் செய்த வேலை விதிப்படி நடந்தது என்று தானே சான்றளிக்கலாம். நாள் மிச்சம், அலைச்சல் மிச்சம். வாடிக்கையாளர் கையில் ஒரு தாளும் கிடைக்கிறது. வீட்டை விற்கும்போது அந்தத் தாளுக்கு மதிப்பு உண்டு.

உரிமை கொடுத்த சங்கம் கண்ணை மூடிக்கொள்வதும் இல்லை. பதிவு பெற்றவரின் வேலையை அவ்வப்போது நேரில் சோதிக்கிறது. காப்பீடும் கேட்கிறது.

இப்போது வெப்பப் பம்பு போன்ற புதுக் கருவிகள் எண்ணெய்க் கொதிகலனுக்குப் போட்டியாக வந்துவிட்டன. சங்கம் அதற்கும் பயிற்சியும் பதிவும் தொடங்கிவிட்டது. பழைய சரக்கை மட்டும் கட்டிக்கொண்டு அழாமல், புதுச் சரக்கையும் கடையில் அடுக்கும் புத்தி இது.

நமக்கு என்ன?

நம் மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்கிறார்கள். நேற்று சரியாக நிறுத்ததால் இன்றும் சரி என்று சட்டம் நம்புவதில்லை. அங்கே அந்த முத்திரையை மனிதரின் கைக்கே வைத்துவிட்டார்கள். கடைப்பலகைக்கு மட்டும் வைத்தால் போதாது என்பது அவர்கள் கணக்கு. வேலையைச் செய்வது பெயர்ப்பலகை இல்லையே!

கருவி விற்கும் அன்பர்கள், பொருத்த அனுப்பும் ஆளிடம் மூன்று கேள்வி கேட்கலாம். எங்கே கற்றாய்? கடைசியாக எப்போது கற்றாய்? செய்த வேலையை எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போடுவாயா? மூன்றாவது கேள்விக்குத் தயங்குகிறவரை நம் கடைப் பெயரில் வாடிக்கையாளர் வீட்டுக்கு அனுப்பாமல் இருப்பது நல்லது.

சங்கங்களுக்கும் ஒரு சொல். உரிமை கேட்டு அரசிடம் மனுக் கொடுப்பது நம் கடமை. அதோடு, நம் தொழிலின் தரத்தை நாமே வகுத்து, நாமே சோதித்துக் காட்டினால் கேட்கும் உரிமைக்கு வலு கூடும். எண்ணெய்க் கொதிகலன்காரர்கள் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். நம்மாலும் முடியும்.