மூன்று ரோலா, நாலு ரோலா?

சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் "உன்ர அப்பா என்ன வேலை?" என்று கேட்டால் "ஒபிஸ்" என்று சொல்லிவிடுவேன். உண்மையில் அப்பா காலையில் பலெர்மோ மாடிவீடுகளில் படிக்கட்டு கழுவுவார். பின்னேரம் ஒரு சிசிலி மேசனோடு வோல் பேப்பர் ஒட்டப் போவார். பசை காய்ந்து விறைத்த காற்சட்டையோடு என்னைக் கூட்டிப்போக வந்தால் நான் பத்தடி முன்னால் நடப்பேன். முப்பத்தைந்து வயதில், மகளின் அறைக்கு நானே வோல் பேப்பர் ஒட்டப் போனபோதுதான் இது திரும்ப ஞாபகம் வந்தது.

நாங்கள் இருப்பது சியாகுல்லியில். இத்தாலிக்காரர் பலருக்கு இந்தப் பெயரைக் கேட்டால் 1963 ஜூன் 30 கார்க் குண்டு நினைவுக்கு வரும். எங்களுக்கு மாசி மாதத்திலும் மரத்தில் தொங்கும் மண்டரின் பழம்தான். பழைய வீடு, சுவர் உயரம் 3.40 மீற்றர்.

நான் மென்பொருள் எழுதுகிறவன், கணக்கில் கெட்டிக்காரன் என்று நினைப்பு. சுவர் 4.20 மீற்றர் அகலம், அதாவது 14 சதுர மீற்றர் சொச்சம். ஒரு ரோல் 53 சென்ரிமீற்றர் அகலம், 10.05 மீற்றர் நீளம், அதாவது 5.3 சதுர மீற்றர். வகுத்துப் பார்த்து மூன்று ரோல் வாங்கி வந்தேன். அப்பாவுக்கு இப்ப தோளைத் தூக்க ஏலாது. கதிரையில் இருந்து பார்த்துவிட்டு, "துண்டை எண்ணு தம்பி, பரப்பை எண்ணாதை" என்றார். மேலும் கீழும் வெட்டிவிடச் சேர்த்தால் ஒரு துண்டு 3.50. பூவும் குருவியும் 64 சென்ரிமீற்றருக்கு ஒருக்கால் திரும்பி வருவதால் பக்கத்துத் துண்டோடு பொருத்த இன்னும் கொஞ்சம் வீணாகும். ரோலுக்கு இரண்டு துண்டுதான் வரும். தேவை எட்டுத் துண்டு, ஆகவே நாலு ரோல். மிச்சம் எல்லாம் இரண்டரை மீற்றர்த் துண்டுகள், சுவருக்கு எட்டாது.

நாலாவதை வாங்கப் போனால் அதே லொட் முடிந்துவிட்டது. ஒரே டிசைன், ஒரே நம்பர், ஆனால் வேறு தடவை அச்சடித்தது. பகல் வெளிச்சத்தில் பச்சை ஒரு பிடி கூடத் தெரிந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை.

அடுத்தது சுவர். அவர் சொன்னபடி ஈரக் கையால் தேய்த்தேன், உள்ளங்கை வெள்ளையாகிவிட்டது. தெம்பெரா என்கிற பழைய சுண்ணாம்புத்தூள் மாதிரியான பூச்சு. அதன் மேலே ஒட்டினால் பசை சுவரைப் பிடிக்காது, தூளைத்தான் பிடிக்கும். பிறகு தூளோடு சேர்ந்து கழன்று வரும். சுரண்டி, கழுவி, பிஸ்ஸாத்தீவோ பூசிக் காயவிட இரண்டு நாள் போனது. யூடியூப்பில் யாரும் இந்த இரண்டு நாளைக் காட்டுவதில்லை.

மிஞ்சிய துண்டில் முதலில் பழகு என்றார். வீடியோவில் பார்த்தபடி சுவரில் பசை பூசி ஒட்டினேன். பத்து நிமிடத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. சுவரில் பசை பூசுவது 'தெஸ்ஸூத்தோ நொன் தெஸ்ஸூத்தோ' என்ற நார்த்தாளுக்கு, அது ஈரத்தில் விரியாது. மகள் தெரிந்தது சாதாரணக் கடதாசி. அதுக்குப் பின்பக்கம் பசை பூசி, பசை பசையோடு படும்படி மடித்து, ஊறவிட வேண்டும். ஊறும்போது அகலத்தில் விரிந்து முடித்துவிடும். ஊறாமல் ஒட்டினால் சுவரில் இருந்துகொண்டு விரியும், விரிய இடமில்லாமல் எழும்பும். அப்பாவின் கணக்கு "ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்." நான் லேபிளைப் பார்த்து போனில் ரைமர் வைத்தேன். எல்லாத் துண்டும் ஒரே நேரம் ஊறவேண்டும், இல்லாவிட்டால் குருவியின் தலை ஒரு துண்டில், வால் ஒரு விரல் கீழே.

மூலையிலிருந்து தொடங்கப் போனேன். "மூலையை நம்பாதை" என்று தூக்குக்குண்டை நீட்டினார். மேலிருந்து கீழே ஒன்றரை சென்ரிமீற்றர் சரிவு! குண்டு நூல் காட்டிய பென்சில் கோட்டிலிருந்து தொடங்கி, நடுவிலிருந்து வெளியே பிரஷ்ஷால் தள்ளிக்கொண்டு போனேன். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தி அலகை ஒரு நுனி முறிக்கச் சொன்னார். நான் சிக்கனம் பார்த்தேன். ஈரக் கடதாசி வெட்டுப்படாமல் கிழிந்தது. அந்த இடம் இப்பவும் யன்னலுக்கு மேலே இருக்கிறது.

ஏழாவது துண்டுக்கு வந்தபோதுதான் அவர் வாய் திறந்தார். "அந்த லொட்டை இந்த மூலையிலை போடு. அலுமாரி எங்கை வருது?" கடைசி இரண்டு துண்டும் ஒரு மீற்றர் சொச்சம். அலுமாரி 1.20. நாலு நாளாக அதை மனசில் வைத்துக்கொண்டுதான் பேசாமல் இருந்திருக்கிறார்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் மகளுக்கு 'என் குடும்பம்' கட்டுரை. "அப்பப்பாவின்ர வேலைக்குத் தமிழிலை என்ன பெயர்?" என்று கேட்டாள். எனக்கும் மனைவிக்கும் வரவில்லை. அப்பா சுவரைப் பார்த்தபடி, "கடதாசி ஒட்டுறவர் எண்டு எழுது பிள்ளை, காணும்" என்றார். அவள் அப்படியே எழுதினாள். எழுதிவிட்டு, "உங்கடை அப்பா என்ன வேலை எண்டு உங்கடை வகுப்பிலை என்ன எழுதினீங்கள்?" என்று என்னைக் கேட்டாள்.