ஆட்டம் நாலு மணிக்கு!

மூலக்குளத்திலிருந்து உப்பளத்துக்கு எவ்வளவு தூரம் என்று யாராவது என்னைக் கேட்டால், பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவு என்று சென்ற ஆண்டு வரையில் தயங்காமல் சொல்லியிருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். "எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எதற்காகப் போகிறீர்கள்?" என்று முதலில் கேட்பேன். ஏனெனில், புறப்படும் வேளையைப் பொறுத்து இந்தத் தூரம் நீளவும் சுருங்கவும் செய்கிறது. இதை நான் அறிந்துகொண்ட விதத்தை நேயர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டரங்கில் கல்லூரிகளுக்கிடையே கால்பந்துப் பந்தயம் ஒன்று நடந்தது. என் மகன் தன் கல்லூரிக் குழுவில் இடப்பக்க முன்வரிசையில் ஆடினான். முதன்முதலாகப் பந்தயக் குழுவில் இடம் பெற்ற நாள் அது. காலையிலிருந்தே வீட்டில் பரபரப்பு. ஆனால் புறப்படுகிற விஷயத்தில் மட்டும் எனக்குப் பரபரப்பில்லை. "இதோ இருக்கிற உப்பளத்துக்கு இத்தனை அவசரம் எதற்கு?" என்று பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மூன்றேகால் மணிக்குத்தான் மோட்டாரை வெளியே எடுத்தேன்.

ரெட்டியார்பாளையம் வரையில் ஒரு குறையும் இல்லை. அப்புறம் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கத் தொடங்கின. விழுப்புரம் சாலையில் வருகிறவர்கள், திண்டிவனம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள், கடலூர்ப் பக்கம் போகிறவர்கள் எல்லாரும் இந்திரா காந்தி சதுக்கத்தில் வந்து கூடுகிறார்கள். விடுமுறை நாளென்றால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கடற்கரை காண வந்தவர்களும் சேர்ந்துகொள்வார்கள். பச்சை விளக்கு எரியும், பத்து வண்டிகள் நகரும், மீண்டும் சிவப்பு. "நேரத்தோடு புறப்படுவோம் என்று காலையிலேயே சொன்னேனே" என்றாள் என் மனைவி. அதற்கு மறுமொழி சொல்ல எனக்கு வாயில்லை.

கைப்பேசியிலிருந்த வரைபடம் ஒரு குறுக்கு வழியைக் காட்டிற்று. உடனே அந்தத் தெருவுக்குள் திரும்பினேன். எனக்கு முன்னால் நாற்பது பேரும் பின்னால் நாற்பது பேரும் அதே வரைபடத்தைப் பார்த்து அதே தெருவில் திரும்பியிருந்தார்கள். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளைத் தாய்மார்கள் அலறியடித்துக்கொண்டு உள்ளே இழுத்தார்கள். ஒரு பாட்டி, காயவைத்திருந்த மிளகாயை அள்ளி முடிப்பதற்குள் ஒரு சக்கரம் அதன்மேல் ஏறிவிட்டது. அவர் என்னை ஏறிட்டுப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணைவிட்டு அகலவில்லை. தெருவின் மறுமுனையில் பெரிய சாலை. அங்கே அதே வரிசை. அதில் முன்னைவிடப் பின்னால் போய்ச் சேர்ந்தோம்.

அப்போதுதான் பின்னாலிருந்து ஆம்புலன்ஸின் ஊதல் கேட்டது. விழுப்புரம் பக்கத்திலிருந்து கோரிமேட்டு ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளைக் கொண்டுவரும் வண்டிகளுக்கும் இதுதான் பாதை. ஒதுங்க வேண்டும் என்று எல்லாருக்கும் எண்ணம் இருந்தது. ஆனால் ஒதுங்க ஓர் அடி இடமில்லை. அந்த ஊதல் அதே இடத்தில் நின்று கதறிக்கொண்டேயிருந்தது. ஒரு பந்தாட்டத்துக்குப் பிந்திவிட்டோமே என்று சலித்துக்கொண்டிருந்த நான் வெட்கித் தலைகுனிந்தேன். அந்த உயிருக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே தடையாக நின்ற வண்டிகளில் என் வண்டியும் ஒன்று அல்லவா?

நாங்கள் அரங்கை அடைந்தபோது இடைவேளை. முதல் பத்து நிமிஷத்திலேயே என் மகன் ஒரு கோல் போட்டிருந்தான். இரவு சாப்பிடும்போது, "அப்பா, பார்த்தீர்களா?" என்று கேட்டான். "இல்லையடா" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. மோருக்குக் கையை நீட்டினான்.

* * *

கணக்கு வாத்தியாருக்கு மனம் நொந்தால் கணக்குத்தான் ஆறுதல். அன்றிரவு காகிதத்தையும் பென்சிலையும் எடுத்தேன்.

ஒரு வரிசையில் ஒரு மோட்டார் போனபின் அடுத்தது போக ஏறக்குறைய இரண்டு விநாடி வேண்டும். தடையே இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் 1,800 மோட்டார்கள் போகலாம். விளக்கு பாதி நேரம் சிவப்பாக இருந்தால் 900 தான் போகும். ஆயிரம் பேர் ஆளுக்கொரு மோட்டாரில் ஒரே வேளையில் அந்த வரிசைக்கு வந்தால், கடைசி ஆள் சதுக்கத்தைக் கடக்க 67 நிமிஷம் ஆகிவிடும். அதே ஆயிரம் பேர் நான்கு நான்கு பேராக வந்தால் 250 மோட்டார்கள். 17 நிமிஷம் போதும். ஐம்பது பேர் ஏறும் பஸ்களில் வந்தால் இருபதே பஸ்கள். ஒரு பஸ் மோட்டாரைப்போல் இரண்டரை மடங்கு இடத்தை அடைத்தாலும், நான்கு நிமிஷத்தில் எல்லாரும் கடந்துவிடுவார்கள். சாலை அதே சாலை, ஜனங்கள் அதே ஜனங்கள்!

இன்னொன்றும் கண்டேன். அதே ஆயிரம் மோட்டார்கள் இரண்டு மணி முதல் நாலு மணி வரையில் பரவலாக வந்தால் சிவப்பு விளக்குக்கு நிற்பதைத் தவிர யாரும் காத்திருக்க வேண்டியதே இல்லை. ஆகவே ஜனக்கூட்டம் மாத்திரம் நெரிசலை உண்டாக்குவதில்லை. எல்லாரும் ஒரே வேளையில், ஒரே வழியில், தனித்தனி வண்டியில் வருவதனால்தான் அது உண்டாகிறது. "நெரிசலில் மாட்டிக்கொண்டேன்" என்று நாம் சொல்கிறோம். மாட்டிக்கொள்கிற ஒவ்வொருவரும் பின்னால் வருகிறவருக்கு நெரிசலாக நிற்கிறோம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

* * *

இந்தத் தொல்லை நமக்கு மட்டுமா? அமெரிக்காவில் கல்லூரிகளுக்கிடையே நடக்கும் 'ஃபுட்பால்' பந்தயம் பெரிய திருவிழாவாகும். அது நம் கால்பந்தன்று. முட்டை வடிவமான பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். டென்னசிப் பல்கலைக்கழகத்தின் நேலண்டு அரங்கில் ஒரு லட்சம் பேருக்குமேல் உட்காரலாம். பந்தய நாளில் நாக்ஸ்வில் நகரத்துச் சாலைகளின் கதியை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

1962-ஆம் ஆண்டில் ஜார்ஜ் மூனி என்பவர் ஒரு யோசனை செய்தார். அவர் முன்பு அக்கல்லூரி ஆட்டங்களை வானொலியில் வர்ணித்தவர். அரங்கை ஒட்டி டென்னசி நதி ஓடுகிறது, சாலையில் தவிப்பானேன்? ஒரு சிறு படகில் ஏறி நதி வழியாக ஆட்டத்துக்கு வந்து இறங்கினார். அதைக் கண்டு மற்றவர்களும் படகில் வரத் தொடங்கினார்கள். இன்று பந்தய நாட்களில் அக்கரையோரம் படகுகள் அணிவகுத்து நிற்கின்றன. 'வாலண்டியர் கடற்படை' என்றே அதற்குப் பெயர் வழங்குகிறது. சாலையில் வரும் ரசிகர்களோ ஆட்டத்துக்குப் பல மணி நேரம் முன்னதாகவே வந்து, வண்டிக்குப் பக்கத்திலேயே சமைத்துச் சாப்பிட்டுக் களிப்பதை ஒரு வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இது நம் பாட்டனார் அறியாத வித்தையா? வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயிலில் வைகாசியில் தேர்த்திருவிழா. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்த தேர் அது. இன்றும் துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கும் வழக்கம் தொடர்கிறது. பாகூர்ப் பக்கத்திலிருந்து என் பாட்டனார் தேருக்கு முதல் நாள் மாலையே வண்டி கட்டிவிடுவாராம். கூடவே அண்டை வீட்டாரும் ஏறிக்கொள்வார்கள். புளியோதரை, தயிர்சாதம் என்று கட்டுச்சோற்று மூட்டை. ஊருக்கு வெளியே ஒரு தோப்பில் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு நடந்து போவார்கள். தேர் நிலைக்கு வந்ததும் விழுந்தடித்து ஓடமாட்டார்கள். வெயில் தாழ்ந்தபின் வண்டி பூட்டுவார்கள். முன்னதாகப் போவது, கூட்டாகப் போவது, தூரத்தில் வண்டியை விட்டு நடப்பது, நிதானமாகத் திரும்புவது ஆகிய நான்கையும் அவர்கள் எந்த வரைபடத்தையும் பாராமலே செய்து வந்தார்கள்.

கால்பந்துக்கும் நம் தேசத்தில் அப்படியொரு திருநாள் உண்டு. 1911-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் தேதி கல்கத்தாவில் மோகன் பகான் குழுவினர் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்ற கணக்கில் வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றினார்கள். பூட்ஸ் அணிந்த வெள்ளைச் சிப்பாய்களை எதிர்த்து, ஒருவர் நீங்கலாக மற்றவரெல்லாம் வெறுங்காலுடன் ஆடினார்கள். தலைவர் சிப்தாஸ் பாதுரி ஒரு கோலும் அபிலாஷ் கோஷ் ஒரு கோலும் போட்டார்கள். அந்த ஆட்டத்தைக் காண ஆயிரமாயிரமாய்த் திரண்ட ஜனங்கள் எப்படி வந்தார்கள்? விசேஷ ரயில் விட்டார்கள், நீராவிப் படகுகள் விட்டார்கள், மற்றவர் நடந்தார்கள். மைதானம் எட்டாதவர்களுக்குக் கோல் கணக்கைக் காற்றாடியில் எழுதிப் பறக்கவிட்டுத் தெரிவித்தார்கள். தேசத்தைத் தலைநிமிர வைத்த அந்த மாலையை ஜனங்கள் ஆளுக்கொரு வாகனம் இல்லாமலே கண்டு களித்தார்கள்.

சென்னைச் சேப்பாக்கத்தில் அண்மையில் செய்த ஏற்பாடும் இவ்வகையினதே. 2024-ஆம் ஆண்டு ஐ.பி.எல். கிரிக்கெட் பந்தயங்களின்போது, ஆட்டச் சீட்டு வைத்திருப்பவர்கள் ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பிருந்தே மாநகரப் பஸ்களில் கட்டணமின்றிப் போக வசதி செய்தார்கள். சேப்பாக்கத்துக்கு மின்சார ரயில் நிலையமும் அருகிலேயே இருக்கிறது. நம் ஊரில் பந்தயம் நடத்துகிறவர்களும் இதைக் கருதலாம்.

* * *

அவர்கள் கருதும் வரையில் நாம் சும்மா இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. வில்லியனூர், அரும்பார்த்தபுரம், மூலக்குளம் பக்கத்து நேயர்களுக்கு என் அநுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன்.

நேரம் ஒத்துவந்தால் வில்லியனூரில் ரயில் ஏறுங்கள். 1879-ஆம் ஆண்டில் போட்ட இருப்புப்பாதை அது. அதில் சதுக்கமும் இல்லை, சிவப்பு விளக்குக்குக் காத்திருக்கும் மோட்டார் வரிசையும் இல்லை. புதுச்சேரி ரயிலடியிலிருந்து உப்பளம் அரங்கு நடந்து போகும் தூரம். ரயில் ஒத்துவராவிட்டால் பஸ் இருக்கிறது. மோட்டாரில்தான் போக வேண்டுமென்றால் காலி இடத்தோடு போகாதீர்கள். எதிர்வீட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளுங்கள். அரங்கின் வாசல் வரையில் வண்டியைக் கொண்டுபோக முயலாமல் சற்று முன்னாலேயே முறையான இடத்தில் நிறுத்திவிட்டு நடங்கள். பட்டணத்து நேர்த்தெருக்களில் மாலை வேளையில் நடப்பதே ஓர் இன்பம். ஆட்டம் நாலு மணிக்கென்றால் இரண்டு மணிக்குப் புறப்படுங்கள். முடிந்ததும் அரை மணி உட்கார்ந்து பேசுங்கள். முதலில் வெளியேற முண்டியடித்தவர்களும் நீங்களும் வீடு சேர்வதில் அதிக வித்தியாசம் இராது. குறுக்குத் தெரு பிறர் வீட்டு முற்றம் என்பதை மறவாதீர்கள்.

சுயராஜ்யம் என்பதற்குத் தன்னைத்தானே ஆளுதல் என்று மாணவர்களுக்குப் பொருள் சொல்லிக்கொடுக்கிறோம். போலீஸ்காரர் இல்லாத தெருமுனையில் நாம் நடந்துகொள்ளும் முறையில்தான் அந்தப் பாடம் பலித்ததா இல்லையா என்று தெரிகிறது.

அடுத்த பந்தயத்துக்கு நாங்கள் பஸ்ஸில் போனோம். மூன்று மணிக்கெல்லாம் அரங்கில் அமர்ந்து, என் மனைவி கட்டி எடுத்துவந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டோம். அன்று என் மகன் கோல் போடவில்லை. அவனுடைய குழு தோற்றும் போயிற்று. ஆனால் மைதானத்துக்குள் ஓடிவந்ததும் அவன் தலையைத் தூக்கிப் படிக்கட்டுகளை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். நாங்கள் அங்கே இருந்தோம்.