மானுக்கு வேண்டிய வெளி

வன்னியிலே மானுக்குப் பஞ்சமில்லை என்று பெருமை பேசுகிறோம். புள்ளிமானும் மரையும் நம் காட்டுச் செல்வங்களே. ஆயினும், சங்கப் புலவர்கள் முல்லைத் திணையிலே பாடிய இரலை நம் முல்லைத்தீவிலே இல்லை. இலங்கைத் தீவு முழுவதிலுமே இல்லை.

புள்ளிமானும் மரையும் கொம்பை உதிர்த்து மீண்டும் முளைக்க விடுபவை. இரலையின் குலம் வேறு. அது ஆடுமாடுகளுக்கு உறவு. எலும்பின்மேல் உறையாக வளரும் அதன் முறுக்குக் கொம்பு ஆயுள் முழுவதும் உதிர்வதில்லை.

இரலையைக் காண விரும்புவோர் பாக்கு நீரிணைக்கு அப்பால் கோடியக்கரைக்குச் செல்லவேண்டும். அங்கே 1967இல் அதற்கெனச் சரணாலயம் அமைத்தனர். வெளிமான் என்பது அதன் மற்றொரு பெயர். பொருத்தமான பெயர்தான்! திறந்த புல்வெளியே அதன் வீடு. தூரத்துப் பகையைக் காணும் கண்ணும் விரைந்தோடும் காலுமே அதன் காவல். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுச் சட்டம் அதனை முதல் அட்டவணையிலே வைத்திருக்கிறது. கொன்றவனுக்கு 3 முதல் 7 ஆண்டுவரை சிறை. ஆனால், புல்வெளியிலே புகுந்து பரவும் சீமைக் கருவேலத்தைச் சிறையிலிட இயலுமா? வேடனைத் தடுத்த சட்டம் முள்மரத்தைத் தடுக்கவில்லை.

இதிலே நமக்கும் பாடமுண்டு. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் கட்டளைச் சட்டம் நம்மிடமும் உள்ளது. 1938இல் சரணாலயமான சுண்டிக்குளம் 2015இல் தேசிய பூங்காவாயிற்று. எனினும் கோடையிலே மானை வாழவைப்பது ஏட்டுச் சட்டமன்று. தரவையும் குளத்து உள்வாயின் பசும்புல்லுமேயாம். அந்தப் புல்லையே நம் மாடுகளும் நாடுகின்றன. 2009இல் போர் ஓய்ந்தபின் மீண்டு வந்த குடியானவர் பலர், தம் பழைய வயல் காடாகிக் கிடப்பதையும், அதனை அரசு காடென்றே உரிமை கொள்வதையும் கண்டனர். அவர்தம் மனக்கசப்பு நியாயமானதே.

வன்னி மண்ணில் வாழும் நான் வேண்டுவது இதுதான்: காட்டின் எல்லையைக் கொழும்பிலிருந்து வரையாதீர்கள். குளத்தையும் தரவையையும் அறிந்த ஊராரை அழைத்துக் கேளுங்கள். வயலை இழந்தவன் மானைக் காக்கமாட்டான். வயலைப் பெற்றவன் கண்ணி வைப்பவனைத் தானே தடுப்பான்.