ஓவியர் பார்க்காத முகம்

செல்லப்பிராணியின் உருவப்படத்திற்கு ஏற்ற புகைப்படம் எடுப்பது எப்படி?

"இவற்றுள் எது அதன் உண்மையான நிறம், சார்?"

ஓவியர் கேட்ட இந்த எளிய கேள்விக்கு எங்கள் வீட்டில் எவராலும் உடனே விடை சொல்ல முடியவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் எங்களோடு வாழ்ந்து மறைந்த பொம்மி என்னும் நாயின் உருவப்படத்தைத் தைல வண்ணத்தில் தீட்டித் தருமாறு பெங்களூரு ஓவியர் ஒருவரிடம் கேட்டிருந்தோம். வீட்டில் உள்ளவர்களின் கைபேசிகளில் தேடி நான்கு படங்களை அனுப்பினோம். கூடத்து மஞ்சள் விளக்கின்கீழ் எடுத்த படத்தில் பொம்மி செம்பழுப்பாக இருந்தாள். குழல்விளக்கின்கீழ் சாம்பல் படிந்திருந்தாள். பூங்காப் புல்வெளியில் அவள் வயிற்றுப்புறம் பச்சை தட்டியிருந்தது. உச்சிவெயிலில் முகம் வெளுத்துப் போயிருந்தது. எங்களிடம் படங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஆனால் அவளை ஒருமுறைகூடக் கண்டிராத ஒருவர் பார்த்து வரைவதற்கான படம் அவற்றுள் அரிதாகவே இருந்தது.

நாம் ஒரு படத்தைப் பார்க்கும்போது அதில் இல்லாதவற்றை நினைவு நிரப்பிக்கொள்கிறது. ஓவியருக்கு அந்த நினைவு இல்லை. படத்தில் உள்ளது மட்டுமே அவர் அறிந்தது. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால், எப்படிப்பட்ட படம் எடுக்க வேண்டும் என்பது பெரும்பாலும் தானே விளங்கிவிடும்.

நேரில் கண்டு வரைந்த காலம்

புகைப்படம் தோன்றுவதற்கு முன்பு ஓவியர்தாம் விலங்கைத் தேடிச் சென்றார். சென்னையின் ஆளுநராக இருந்த ஜார்ஜ் பிகாட், 1760களில் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குச் சிவிங்கிப்புலி ஒன்றைப் பரிசளித்தார். விலங்கோவியத்தில் புகழ்பெற்ற ஜார்ஜ் ஸ்டப்ஸ் அதனை இரண்டு இந்தியப் பராமரிப்பாளர்களுடன் சேர்த்துத் தீட்டினார். அந்த ஓவியம் இன்று மான்செஸ்டர் நகர ஓவியக்கூடத்தில் உள்ளது.

புகைப்படம் வந்த பின்பு நிலைமை மாறியது. மைசூர் அரண்மனையின் கல்யாண மண்டபச் சுவர்களில் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்துத் தசரா ஊர்வலம் தீட்டப்பட்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். யானைகளும் குதிரைகளும் அணிவகுக்கும் அக்காட்சிகள் புகைப்படங்களை ஆதாரமாகக் கொண்டு வரையப்பட்டவை. ஆயினும் தசரா யானையை நேரில் காண்பது மைசூர் ஓவியருக்கு அரிதன்று. இன்று நாம் படம் அனுப்பும் ஓவியருக்கோ நம் வீட்டு நாயைக் காணும் வாய்ப்பே பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆதலால் பொறுப்பு நம்மிடம் வந்து சேர்கிறது.

முதலில் ஒளி

சன்னலோரம், தாழ்வாரம், மர நிழலின் விளிம்பு ஆகியவற்றில் பரவிக் கிடக்கும் மென்மையான பகலொளியே சிறந்தது. இவ்வகையில் பெங்களூரு வாசிகள் கொடுத்து வைத்தவர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம் மூடிய நாள்கள் இங்கே பல. மேகம் வெயிலை வடிகட்டித் தரும்போது மயிர்க்கற்றைகளின் போக்கும் கண்ணின் ஆழமும் தெளிவாகத் தெரியும். வெயில் காலத்தில் காலை எட்டு மணிக்கு முன்போ, மாலை ஐந்து மணியளவிலோ எடுக்கலாம்.

கப்பன் பூங்காவில் எடுப்பதாயின் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புல்லிலும் இலைகளிலும் பட்டுத் திரும்பும் ஒளி, வெளிர்நிற உடலில் பச்சைச் சாயலை ஏற்றிவிடும். வண்ணத்தைக் காட்டுவதற்கான படத்தை மண் தரையிலோ கல் மேடையிலோ எடுப்பது நன்று. ஒரு படத்தில் மட்டும் பிராணியின் அருகில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துவிடுங்கள். அந்தத் தாள் எந்த அளவுக்கு நிறம் மாறியிருக்கிறதோ, பிராணியின் நிறமும் அந்த அளவுக்கு மாறியிருக்கிறது என்று ஓவியர் கணித்துக்கொள்வார்.

ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். நாய், பூனை ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உள்ளது. இரவில் நன்கு பார்ப்பதற்கு உதவும் அப்படலம், ஃபிளாஷ் வெளிச்சத்தில் பச்சையாகவோ மஞ்சளாகவோ மின்னிக் கண்ணின் இயல்பான நிறத்தை மறைத்துவிடும்.

குனிந்து எடுங்கள், விலகி எடுங்கள்

நம் கைபேசிப் படங்களில் பெரும்பாலானவை நின்றபடி மேலிருந்து எடுத்தவை. அவற்றில் தலை பெருத்து, கால்கள் குறுகித் தோன்றும். தரையில் அமர்ந்தோ படுத்தோ, பிராணியின் கண் மட்டத்திற்குக் கைபேசியைக் கொண்டு வாருங்கள்.

மற்றொரு பிழை, மிக நெருங்கி எடுப்பது. கைபேசியின் வழக்கமான லென்ஸ் அகன்ற கோணம் கொண்டது. ஓர் அடி தொலைவில் எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காதுகள் சிறிதாகவும் விழும். வேடிக்கைக்கு அது நன்றாக இருக்கும். ஆனால் அப்படத்தைப் பார்த்து ஓவியர் அளவெடுத்தால் அது வேறொரு நாயாகிவிடும். ஆறேழு அடி விலகி நின்று, இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். குவியம் நமக்கு அருகிலுள்ள கண்ணின்மீது இருக்கட்டும். பின்னணியை மங்கலாக்கும் 'போர்ட்ரெய்ட்' வசதியை அணைத்துவிடுங்கள். அது மீசை மயிரையும் காது விளிம்பையும் பின்னணி என்று கருதி அழித்துவிடுவது உண்டு.

கறுப்பும் வெள்ளையும்

கேமரா எந்தக் காட்சியையும் நடுத்தர வெளிச்சத்திற்குக் கொண்டுவரவே முயலும். அதனால் கறுப்பு லேப்ரடார் சாம்பல் நிறமாகவும் வெள்ளைப் பூனை அழுக்கு வெள்ளையாகவும் தெரிவது உண்டு. திரையில் பிராணியின் முகத்தைத் தொட்டால் வெளிச்ச அளவைக் கூட்டவும் குறைக்கவும் குறி தோன்றும். கறுப்புப் பிராணிக்குச் சற்றுக் குறைத்தும் வெள்ளைப் பிராணிக்குச் சற்றுக் கூட்டியும் எடுத்தால் நிறம் சரியாக அமையும். கறுப்பு உடலானால், வெளிச்சத்தைக் கூட்டி இன்னொரு படமும் எடுத்து வையுங்கள். முதல் படம் நிறத்தைச் சொல்லும். இரண்டாவது, மயிரின் போக்கைக் காட்டும்.

அதன் இயல்பு எது?

நிறமும் அளவும் சரியாக இருந்தும், "இது நம் வீட்டுப் பிள்ளை மாதிரி இல்லையே" என்று தோன்றும் ஓவியங்கள் உண்டு. பெரும்பாலும் இதற்குக் காரணம், பிராணிக்கு இயல்பில்லாத நிலையில் எடுத்த படம்தான். ஒரு காதை மட்டும் மடித்துக் கேட்கும் பழக்கமா, தலையைச் சாய்த்துப் பார்க்கும் வழக்கமா, அடையாளம் எதுவென்று வீட்டார் முதலில் பேசி முடிவு செய்யுங்கள்.

படமெடுக்க இருவர் வேண்டும். ஒருவர் கைபேசிக்குச் சற்று மேலே தின்பண்டத்தையோ பிடித்த பொம்மையையோ பிடித்திருக்கட்டும். மற்றவர் தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுக்கட்டும். பெயரை ஓயாமல் அழைத்துக்கொண்டிருந்தால் சில நிமிடங்களில் அது திரும்பிப் பார்ப்பதையே நிறுத்திவிடும். பத்து நிமிடத்திற்கு மேல் வற்புறுத்த வேண்டாம்.

பூனைக்கு இந்த உத்திகள் பலிப்பதில்லை. அது விரும்பி அமரும் இடத்தில் நாம் காத்திருப்பதே வழி. கடும் வெளிச்சத்தில் பூனையின் கண்மணி கோடாகச் சுருங்கும். மங்கிய ஒளியில் வட்டமாக விரியும். இரண்டில் எந்தப் பார்வை ஓவியத்தில் வேண்டும் என்பதை முன்பே தீர்மானித்து, அதற்கேற்ற நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

அனுப்பும் முன்

ஓவியருக்கு ஒரு படம் போதாது. நேர்முகம், முக்கால் பக்கம், பக்கவாட்டு முகம், முழு உடல், நெற்றிப் பொட்டு அல்லது பாதம் போன்ற தனி அடையாளங்கள் என ஆறு முதல் பத்துப் படங்கள் அனுப்பலாம். எந்தப் படத்தைத் தோற்றத்திற்கும் எதை நிறத்திற்கும் பின்பற்ற வேண்டும் என்று குறிப்பெழுதுங்கள். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பினால் படம் சுருக்கப்பட்டு நுட்பங்கள் குறையும். 'டாக்குமெண்ட்' ஆகவோ மின்னஞ்சலிலோ மூலப் படத்தை அனுப்புங்கள். அழகுபடுத்தும் ஃபில்டர் எதையும் சேர்க்க வேண்டாம்.

ஒப்பந்தமும் பணமும்

ஆண்டுதோறும் ஜனவரியில் குமாரகிருபா சாலையில் கர்நாடக சித்ரகலா பரிஷத் நடத்தும் சித்ர சந்தையில் ஓவியர்களை நேரில் கண்டு, அவர்கள் கைவண்ணத்தைப் பார்த்துப் பேசலாம். இணையவழி ஏற்பாடு செய்வோர், ஓவியர் முன்பு வரைந்த படங்களையும் அவற்றுக்கு ஆதாரமான புகைப்படங்களையும் சேர்த்துக் காட்டும்படி கேளுங்கள்.

அளவு, வண்ண வகை, முன்பணம், முடியும் நாள், எத்தனை முறை திருத்தம் என்பவற்றை எழுத்தில் பெறுங்கள். முழுத் தொகையையும் முன்கூட்டியே தர வேண்டியதில்லை. யுபிஐ வழியே செலுத்தும்போது திரையில் தோன்றும் பெயரைச் சரிபாருங்கள். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி எவரேனும் பின் எண்ணை இடச் சொன்னால் இடாதீர்கள். பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17இன்படி, கட்டணம் தந்து வரையச் சொன்ன உருவப்படத்தின் முதல் பதிப்புரிமை, வேறு உடன்பாடு இல்லாதபோது, வரையச் சொன்னவருக்கே உரியது. எனினும் ஆதாரமாகக் கொள்ளும் புகைப்படம் பிறர் எடுத்ததாயின் அவரிடம் அனுமதி பெறுவது முறை.

இருக்கும்போதே

பிராணி மறைந்த பின்பு ஓவியம் வேண்டுவோர் பலர். அவர்கள் மனம் தளர வேண்டாம். உறவினர், அண்டை வீட்டார், நடைப்பயிற்சி நண்பர்கள் ஆகியோரின் கைபேசிகளிலும் தேடச் சொல்லுங்கள். பழைய அச்சுப் படமாயின் அதைக் கைபேசியில் படமெடுக்காமல், ஸ்கேனரில் 600 டிபிஐ அளவில் பதிவு செய்யுங்கள்.

பொம்மிக்கும் அப்படித்தான் ஒரு படம் கிடைத்தது. மேகமூட்டமான ஒரு காலையில் என் மைத்துனர் வாசற்படியில் அமர்ந்து தம் மகளைப் படமெடுத்திருக்கிறார். குழந்தையின் முகம் பாதி வெட்டுப்பட்டுவிட்டதால் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் அதன் ஓரத்தில், கண் மட்டத்தில், பொம்மி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மோவாயில் நரை, மார்பில் வெள்ளைத் திட்டு, உடலில் தேன் நிறம் எல்லாம் அதில் இருந்தன. "இது போதும், சார்" என்றார் ஓவியர்.

அந்தப் படம் எங்களுக்குத் தற்செயலாகக் கிடைத்தது. உங்கள் வீட்டில் இப்போது வாலாட்டிக்கொண்டோ, சன்னல் விளிம்பில் உறங்கிக்கொண்டோ ஒரு ஜீவன் இருக்குமானால், வரும் ஞாயிறு காலை அதன் அருகில் தரையில் அமருங்கள்.