நரி வருவது கோழிக்குத் தெரியாது

ரோசி என்றொரு கோழி. காலாற ஒரு நடை போய்விட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குக் கூட்டுக்குத் திரும்புகிறது. முற்றத்தைக் கடக்கிறது, குளத்தைச் சுற்றுகிறது, வைக்கோல் குவியலில் ஏறி இறங்குகிறது, மாவு ஆலையைத் தாண்டுகிறது, வேலி இடுக்கில் நுழைகிறது, தேனீப் பெட்டிகளுக்கு அடியில் புகுந்து வருகிறது. கதை முடிந்தது. ஆங்கில மூலத்தில் முழுப் புத்தகத்துக்கும் சேர்த்து 32 சொற்கள், ஒரே ஒரு வாக்கியம்.

படத்தைப் பார்த்தால் கதையே வேறு. கோழிக்குப் பின்னால் ஒரு நரி பம்மிப் பம்மி வருகிறது. முற்றத்தில் அது பாய்கிறது. அந்தரத்தில் இருக்கும்போதே பக்கம் முடிந்துவிடுகிறது. பக்கத்தைத் திருப்பினால், கீழே கிடந்த சருகுவாரியின் பல்லில் நரி கால் வைக்க, அதன் கட்டை எழும்பி மூக்கில் அடிக்கிறது. அடுத்த பாய்ச்சலில் குளத்துக்குள் விழுகிறது. அதற்கடுத்து வைக்கோல் சரிந்து ஆளையே மூடிவிடுகிறது. ஆலையருகே மாவு மூட்டை தலையில் கொட்டுகிறது. கடைசியில் வேலியைத் தாண்டிக் குதித்தால் ஒரு வண்டிக்குள் விழ, வண்டி உருண்டுபோய்த் தேனீப் பெட்டிகளில் மோத, தேனீக்கள் துரத்துகின்றன. நரி அடிபடும் பக்கங்களில் ஒரு சொல்கூட அச்சாகவில்லை. நரி என்ற சொல் புத்தகத்தின் எழுத்தில் எங்குமே வராது. கோழி ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

‘ரோசிஸ் வாக்’ என்ற இந்தப் புத்தகத்தை எழுதி வரைந்தவர் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்த பேட் ஹட்சின்ஸ். 1968இல் வந்த அவருடைய முதல் புத்தகம். தொடக்கத்தில் அவர் எழுதிக்கொண்டு போனது, பண்ணை விலங்குகள் போடும் சத்தங்களைப் பற்றிய நீளமான கதை. அதில் நரி மட்டும் சத்தமே போடாது என்று வரும் இடம்தான் பதிப்பாசிரியர் சூசன் ஹிர்ஷ்மனுக்குப் பிடித்திருந்தது. அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் ஹட்சின்ஸ் கழித்தார். முடிவில் நரியைப் பற்றிய அந்த வரியும் போய், நரி படத்துக்குள் மட்டும் தங்கிவிட்டது.

மழலைகளுக்கான வேடிக்கைப் புத்தகத்தின் சூட்சுமம் முழுவதும் இதில் இருக்கிறது. எழுத்து ஒன்றைச் சொல்ல வேண்டும், படம் வேறொன்றைக் காட்ட வேண்டும். படித்துக் காட்டும் அப்பாவின் கண் எழுத்தில் இருக்கிறது. அவர் கோழியோடு நடக்கிறார். எழுத்து தெரியாத குழந்தையின் கண் படத்தில் இருக்கிறது; அதற்கு நரி தெரிகிறது. “அப்பா, அங்க பாரு நரி!” என்று கத்தும்போது வருகிற சிரிப்பு, நரி அடிபட்டதற்கான சிரிப்பு மட்டும் அல்ல. கோழிக்கும் தெரியாத, அப்பாவும் கவனிக்காத ஒன்று தனக்குத் தெரிந்துவிட்டதே என்ற பெருமிதம் அதில் பாதி. நாள் முழுக்க “உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு” என்று கேட்டு வளரும் பிள்ளைக்கு இது சாதாரண விஷயமா?

இதே வித்தையை இன்னும் குறும்பாகச் செய்தவர் அமெரிக்காவின் பெகி ராத்மன். 1994இல் வந்த அவருடைய ‘குட் நைட், கொரில்லா’வில் மிருகக்காட்சிசாலைக் காவலர் கையில் டார்ச்சுடன் ஒவ்வொரு கூண்டாகப் போய் இரவு வணக்கம் சொல்கிறார். அவர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவிவிட்ட கொரில்லா, பின்னாலேயே வந்து யானை, சிங்கம், கழுதைப்புலி, ஒட்டகச்சிவிங்கி, ஆர்மடில்லோ என்று ஒவ்வொன்றாகத் திறந்துவிடுகிறது. சாவிகளின் நிறத்தைப் பாருங்கள்: எந்த நிறக் கூண்டோ அந்த நிறச் சாவி. கூடவே ஓர் எலி, வாழைப்பழம் ஒன்றைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டே வருகிறது. முதலில் பறந்துபோன பலூன் பக்கத்துக்குப் பக்கம் வானத்தில் சின்னதாகிக்கொண்டே போகிறது. இவை எதைப் பற்றியும் எழுத்தில் பேச்சில்லை.

எல்லா விலங்குகளும் காவலர் வீட்டுப் படுக்கையறைக்கே வந்து படுத்துவிடுகின்றன. மனைவி விளக்கை அணைத்துக் கணவருக்கு இரவு வணக்கம் சொல்ல, இருட்டிலிருந்து வரிசையாக ஏழெட்டுப் பதில்கள் வருகின்றன. அடுத்து முழுக் கறுப்புப் பக்கம். அதில் அகல விரிந்த இரண்டு கண்கள் மட்டும். அந்தப் பக்கத்தில் ஒரு மூச்சு நேரம் காத்திருந்து பிறகு திருப்பினால் மூன்று வயதுப் பிள்ளை உருண்டு புரண்டு சிரிக்கும். விறுவிறு என்று திருப்பிவிட்டால் அந்தச் சிரிப்பு வராது.

குழந்தைகளுக்கு எது வேடிக்கை என்பதை அமெரிக்க உளவியலாளர் பால் மெகீ படிப்படியாகப் பிரித்துச் சொன்னார். ஒன்றரை வயது வாக்கில், பொருளைத் தப்பாகப் பயன்படுத்துவது சிரிப்பு: செருப்பைக் காதில் வைத்து ‘ஹலோ’ சொல்வது. இரண்டு வயதில், பெயரை மாற்றிச் சொல்வது: நாயைக் காட்டிப் ‘பூனை’ என்பது. மூன்று வயதுக்கு மேல், உலகம் இருக்கும் விதத்தோடு முரண்படும் காட்சிகள்: கட்டிலில் படுத்திருக்கும் கொரில்லா. சொல்லின் இரட்டை அர்த்தத்துக்குச் சிரிப்பது ஏழு வயது வாக்கில்தான். பெரியவர்கள் ரசிக்கும் சிலேடைகளை இரண்டு வயதுக்கான புத்தகத்தில் அடைத்து வைப்பதில் பயனில்லை என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். நாய் நாயாகத்தான் இருக்கும் என்று தெரிந்த பிறகுதான் பூனை என்றால் சிரிப்பு வரும். ஆக, சிரிக்கிற குழந்தை கற்றுவிட்ட குழந்தை.

விலங்குகள் ஏன்? கொரில்லா செய்ததை ஒரு சிறுவன் செய்தால் அது திருட்டு, கண்டிப்பு, அழுகை என்று போகும். கொரில்லா செய்தால் வெறும் குறும்பு. அதோடு விலங்குக்குப் பள்ளிச் சீருடை கிடையாது, வீட்டு வசதி கிடையாது, சாதி கிடையாது. சென்னை அடுக்ககத்துப் பிள்ளையும் ஜவ்வாது மலைப் பிள்ளையும் ஒரே கரடியைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளலாம்.

இந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கங்கள். பெரிய தாளின் இருபுறமும் அச்சடித்து மடித்து வெட்டினால் அந்தக் கணக்கு சரியாக வரும். அந்தச் சின்ன இடத்துக்குள் சிலர் காகிதத்தையே விளையாட வைத்தார்கள். எரிக் கார்ல் ஒரு நாள் தாள்களில் துளைபோடும் கருவியால் விளையாடிக்கொண்டிருந்தபோது, புத்தகத்தைத் தின்னும் ஒரு புழு அவர் மனதில் வந்தது. பதிப்பாசிரியர் ஆன் பெனெடூஸ் அதைக் கம்பளிப்புழுவாக மாற்றலாமே என்றார். துளைகளும் வெவ்வேறு அகலப் பக்கங்களும் கொண்ட புத்தகத்தை அமெரிக்காவில் கட்டுப்படியாகும் விலையில் அச்சிட முடியாமல் ஜப்பானில் அச்சிட்டார்கள். 1969இல் வந்தது ‘த வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்’. சனிக்கிழமை அன்று அந்தப் புழு சாக்லெட் கேக், ஐஸ்கிரீம், ஊறுகாய், தர்பூசணி என்று வெளுத்துக்கட்டிவிட்டு வயிற்றுவலியில் கிடக்கும். அந்தத் துளைக்குள் விரலை விடாத குழந்தை கிடையாது.

நம் வீடுகளில் இப்படிப்பட்ட கதையே இல்லையா? தன் பெயரை மறந்துபோன ஈயின் கதையைப் பாட்டிகள் சொல்லிக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஈ கன்றுக்குட்டியிடம் கேட்கும், பசுவிடம் கேட்கும், மேய்ப்பவனிடம் கேட்கும், அவன் கைக்கோலிடம் கேட்கும். ஒவ்வொரு தடவையும் பட்டியல் நீண்டுகொண்டே போகும். மூச்சு விடாமல் சொல்ல வேண்டும். கடைசியில் குதிரை கனைக்கும் கனைப்பில் ஈக்குத் தன் பெயர் கிடைத்துவிடும். இதில் என்ன நீதி? ஒரு நீதியும் கிடையாது. தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டதற்குக் காரணம் அந்தச் சிரிப்புதான்.

பாட்டிகள் கேட்காத கேள்வியை நாம் எங்கிருந்தோ பிடித்துக்கொண்டோம். “இந்தக் கதையிலேர்ந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?” புத்தகக் கடையில் பெற்றோர் கேட்பதும் ‘நீதிக்கதைகள் இருக்கா’ என்றுதான். பஞ்சதந்திரம் மகத்தான நூல், அதில் சந்தேகமில்லை. ஆனால் அரச குமாரர்களுக்கு அரசியல் கற்பிக்கச் சொன்னதாக அந்த நூலே தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. அதை இரண்டரை வயதுப் பிள்ளையின் முதல் புத்தகமாக்கி, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு நீதியைத் தடித்த எழுத்தில் அச்சிட்டு விற்கிறார்கள். படங்களோ எழுத்தில் இருப்பதையே மறுபடி காட்டுகின்றன. குழந்தை தானாகக் கண்டுபிடிக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

மாற்று நம் ஊரிலேயே இருக்கிறது. சென்னையில் 1994இல் தொடங்கிய தாரா புக்ஸ், அனுஷ்கா ரவிசங்கர் எழுதி புலக் பிஸ்வாஸ் வரைந்த ‘டைகர் ஆன் எ ட்ரீ’யை 1997இல் வெளியிட்டது. ஆட்டின் சத்தத்துக்குப் பயந்து மரம் ஏறிவிட்ட புலி. கறுப்பும் ஆரஞ்சும் மட்டுமே நிறம். ஊரே கூடிப் பிடித்த பிறகு, பிடித்த புலியை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. 1996இல் தொடங்கிய தூலிகா, அசோக் ராஜகோபாலன் எழுதி வரைந்த ‘கஜபதி குலபதி’யைத் தமிழிலும் தந்திருக்கிறது. யானைக்குச் சளி பிடிக்கிறது. ஊரார் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். தும்மல் வரும்போது அதைச் சாதாரணமாகப் படிக்கக் கூடாது. அடிவயிற்றிலிருந்து இழுத்து, வீடே அதிரும்படி தும்ம வேண்டும். தமிழில் இதைப் போல இன்னும் நிறைய வேண்டும், அதுவும் மொழிபெயர்ப்பாக அல்லாமல் தமிழிலேயே யோசித்ததாக. பெயர் மறந்த ஈயைப் பக்கத்துக்குப் பக்கம் படமாக விரிக்க நம்மிடம் ஓவியர்களுக்கா பஞ்சம்?

புத்தகம் வாங்க வசதி இல்லாதவர்களுக்கு ஒரு தகவல். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகப் படிக்கலாம், தரவிறக்கி அச்செடுக்கலாம். அங்கன்வாடிப் பணியாளர்களும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

அடுத்த முறை புத்தகக் காட்சிக்குப் போகும்போது ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். விலங்குப் படப் புத்தகம் ஒன்றை எடுத்து, எழுத்தைப் படிக்காமல் படங்களை மட்டும் முதலிலிருந்து கடைசி வரை பாருங்கள். பிறகு எழுத்தைப் படியுங்கள். இரண்டும் அச்சு அசலாக ஒன்றையே சொன்னால் அங்கேயே வைத்துவிடுங்கள். எழுத்து சொல்லாத ஏதோ ஒன்று படத்தில் ஓடிக்கொண்டிருந்தால் வாங்குங்கள். வீட்டுக்கு வந்து படிக்கும்போது அதை நீங்களாகச் சுட்டிக்காட்டிவிடாதீர்கள். முடித்ததும் கேள்வி கேட்காதீர்கள். “இன்னொரு தடவை” என்று பிள்ளை கேட்டால், எத்தனையாவது தடவையாக இருந்தாலும், படித்துக் காட்டுங்கள்.