எவ்வளவு வருமானம் என்று கேட்காத அட்டை

ஆரணியில் பட்டு நெய்யும் ஒருவரிடம் "மாதம் எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரே எண்ணில் பதில் வராது. அவர் எதையும் மறைப்பதில்லை. அப்படி ஓர் எண்ணே அவரிடம் கிடையாது. கூலி புடவைக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. தறியில் ஏற்றும் நெடுக்கு நூலான பாவு வந்தால் வேலை இருக்கும். அது தீர்ந்து அடுத்த பாவு வரும்வரை தறி சும்மா கிடக்கும். அடைமழையில் குழித்தறியின் குழியில் ஈரம் ஊறி நாள்கணக்கில் வேலை நிற்கும். கச்சாப் பட்டு விலை ஏறினால் பாவு கொடுப்பவர் கையை இறுக்குவார். கணவர் நெய்கிறார், மனைவி தார் சுற்றுகிறார், புடவைக்குக் கூலி ஒன்றுதான். அதில் யார் சம்பாதித்தது எவ்வளவு? சேவூரிலும் முள்ளிப்பட்டிலும் ஒண்ணுபுரத்திலும் தேவிகாபுரத்திலும் தறி வைத்திருப்பவர்களின் நிலையும் இதுதான்.

இப்படி நிலையில்லாத ஒன்றை அளந்து பார்த்துவிட்டுத்தான் அரிசி தருவோம் என்று ஓர் அரசு சொன்னால் என்ன ஆகும்? ஜியோவானி ஆந்த்ரேயா கோர்னியா, பிரான்சிஸ் ஸ்டூவர்ட் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 1993-இல் இதைத் தெளிவாக எழுதினார்கள். ஏழைகளை மட்டும் பொறுக்கி எடுத்து உதவும் எந்தத் திட்டத்திலும் இரண்டு பிழைகள் நேரும். தேவையில்லாதவர் உள்ளே வந்துவிடுவது சேர்த்தல் பிழை. தேவையுள்ளவர் வெளியே நின்றுவிடுவது விலக்கல் பிழை. வடிகட்டியை இறுக்கினால் முதலாவது குறைந்து இரண்டாவது கூடும், தளர்த்தினால் தலைகீழாகும். இரண்டையும் ஒருசேரப் பூஜ்யமாக்க, எல்லாக் குடும்பங்களின் வருமானத்தையும் பிழையில்லாமல் அளக்க வேண்டும். நெசவாளரின் வருமானத்தை அவரே அளக்க முடியாதபோது அலுவலகம் எப்படி அளக்கும்?

1997-இல் மத்திய அரசு வறுமைக்கோட்டை வைத்து ரேஷன் அட்டைகளைப் பிரிக்கச் சொன்னபோது, தமிழ்நாடு வருமானக் கேள்வியையே கேட்க மறுத்தது. அட்டை எல்லோருக்கும், அரிசி வேண்டும் என்பவர் எல்லோருக்கும் அரிசி என்ற பழைய வழியிலேயே தொடர்ந்தது. இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1967-இல் அண்ணா முதல்வரானதும் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் வந்தது. 2008-இல் கிலோ ஒரு ரூபாய் ஆனது. 2011 ஜூன் முதல் தேதியிலிருந்து அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. தேவையில்லாத சிலரும் வாங்கிக்கொள்ளட்டும், பசித்தவர் ஒருவரும் விடுபடக் கூடாது என்பதுதான் இந்தத் தேர்வு. சேர்த்தல் பிழையால் போவது பணம், விலக்கல் பிழையால் போவது ஒரு குழந்தையின் சாப்பாடு. இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

வருமானத்தைக் கேட்காவிட்டால் வேறு எதைக் கேட்பது? விடை சமையலறையில் இருக்கிறது. விண்ணப்பிப்பவர் இந்தியக் குடிமகனாக, தமிழ்நாட்டில் குடியிருப்பவராக இருக்க வேண்டும். குடும்பத்தில் யார் பெயரும் வேறு அட்டையில் இருக்கக் கூடாது. தனியாகச் சமைக்க வேண்டும். ஒரே கூரையின் கீழ் அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் இருக்கலாம், ஒரே கூடத்தில் இரண்டு தறிகள் எதிரெதிரே ஓடலாம். உலை இரண்டாக வைத்தால் அட்டையும் இரண்டு. வருமானத்தைப் போல் இது பாவுக்குப் பாவு மாறாது. நேரில் வந்து பார்க்கும் அலுவலர் கண்ணால் கண்டு உறுதி செய்துவிடலாம். அடுப்பும் பாத்திரமும் எரிவாயு இணைப்பும் சாட்சி சொல்லிவிடும்.

விண்ணப்பம் இப்போது இணையவழியில். பொது விநியோகத் துறையின் தளத்திலேயே செய்யலாம், பக்கத்து இ-சேவை மையத்திலும் செய்யலாம். குடும்பத் தலைவரின் படம், எல்லோருடைய ஆதார், முகவரிச் சான்று போதும். புது மருமகள் பெயரைச் சேர்ப்பதற்கு முன் பிறந்த வீட்டு அட்டையிலிருந்து அதை நீக்கியாக வேண்டும். பலருக்கு விண்ணப்பம் நின்றுபோவது இந்த இடத்தில்தான். மனு ஆரணி வட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போய், களவிசாரணை முடிந்து ஒப்புதல் ஆனதும் அட்டை அச்சாகிறது. 2017 ஏப்ரலிலிருந்து பழைய தாள் புத்தகத்துக்குப் பதில் உள்ளங்கை அளவு மின்னணு அட்டை வந்துவிட்டது.

அந்த விண்ணப்பத்தில் நாம் அவசரமாகத் தட்டிவிடும் 12 இலக்க ஆதார் எண்ணுக்குள் ஓர் அழகான கணிதம் ஒளிந்திருக்கிறது. முதல் 11 இலக்கங்கள்தான் எண். பன்னிரண்டாவது, மற்ற பதினொன்றிலிருந்து கணக்கிட்டு எடுத்த சரிபார்ப்பு இலக்கம். யாகோபஸ் வெர்ஹூஃப் என்ற டச்சுக் கணித அறிஞர் 1969-இல் வெளியிட்ட முறை இது. எண்களை எழுதும்போது மனிதர்கள் அதிகம் செய்யும் தவறுகள் இரண்டு: ஓர் இலக்கத்தை மாற்றி எழுதுவது, பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றிவிடுவது. வெர்ஹூஃப் முறை இந்த இரண்டையும் ஒன்றுவிடாமல் பிடிக்கிறது.

எப்படி? காகிதத்தில் ஒழுங்கான ஐங்கோணம் ஒன்றை வெட்டி எடுத்து மூலைகளுக்குப் பெயர் எழுதிக்கொள்ளுங்கள். அதன் தடத்திலேயே அதைச் சுழற்றி வைக்க ஐந்து வழிகள். புரட்டிப் போட்டுச் சுழற்றினால் இன்னும் ஐந்து. மொத்தம் பத்து நிலைகள், நம் இலக்கங்களும் பத்து. ஆளுக்கொரு நிலையை ஒதுக்கிவிடலாம். இப்போது சுழற்றிவிட்டுப் புரட்டிப் பாருங்கள், பிறகு புரட்டிவிட்டுச் சுழற்றிப் பாருங்கள். ஐங்கோணம் வேறு வேறு நிலையில் வந்து நிற்கும். சாதாரணக் கூட்டலில் 3-உம் 7-உம் எந்த வரிசையில் வந்தாலும் 10தான், அதனால் இடம் மாறியது தெரியாது. ஐங்கோணக் கணக்கில் வரிசை மாறினால் விடை மாறும். மாறாமல் தப்பிக்கும் சில ஜோடிகளையும் விடாமல் பிடிக்க, இலக்கம் நிற்கும் இடத்தைப் பொறுத்து அதை முதலில் வேறோர் இலக்கமாக்கும் அட்டவணை ஒன்றையும் அவர் சேர்த்தார். தவறாகத் தட்டிய எண்ணை, யாரையும் கேட்காமல், இணையம்கூட இல்லாமல், கணினி அந்த இடத்திலேயே மடக்கிவிடும்.

அட்டை கைக்கு வந்த பிறகு கடையில் அடுத்த அதிசயம். 2020 அக்டோபரிலிருந்து விற்பனை முனையக் கருவியில் கைரேகை வைத்து வாங்குகிறோம். கண்ணாடியில் விரலை அழுத்தியதும் கருவி ரேகைப் படத்தை முழுதாக ஒப்பிடுவதில்லை. ரேகைகள் எங்கே முடிகின்றன, எங்கே இரண்டாகக் கிளைக்கின்றன என்ற புள்ளிகளை மட்டும் குறித்துக்கொள்கிறது. ஆதார் எடுத்த நாளில் உங்கள் ரேகையை எல்லோருடைய ரேகைகளோடும் ஒப்பிட்டு, இவர் ஏற்கெனவே பதிந்தவரா என்று தேடினார்கள். அது மலையளவு வேலை. கடையில் நடப்பது அதில் சிறு துளி. அட்டையில் உள்ள பெயருக்குரிய ஒரே ஒரு பதிவை எடுத்து, "இவர்தானா?" என்று மட்டும் கேட்கிறது. வரும் பதில் ஆம் அல்லது இல்லை. கோடிக்கணக்கான பதிவுகள் இருந்தும் சில நொடிகளில் பில் வருவது இதனால்தான்.

சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. வயதானால் தோல் தளர்ந்து வறண்டு ரேகை மங்கும். காலமெல்லாம் கைவேலை செய்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம் தேயும். இழை இழையாகத் தடவி அறுந்ததை முடிச்சுப்போட்டே பழகிய விரலைக் கருவி ஏற்காமல் போகலாம். அதற்காக வரிசையில் நிற்பவரைத் திருப்பி அனுப்பினால், வருமானத்தைக் கேட்காமல் தவிர்த்த விலக்கல் பிழை விரல் வழியாக உள்ளே வந்துவிடும். ஆகவே மாற்று வழிகள் வைத்திருக்கிறார்கள். அட்டையில் பெயருள்ள வேறு யாராவது விரல் வைக்கலாம். கருவிழிப் பதிவும் இருக்கிறது. கடைக்கு வரவே முடியாதவர் தனக்காக வாங்க ஒருவரை எழுத்துமூலம் நியமிக்கலாம். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள் வீட்டுக்கே வருகிறது.

எல்லோருக்கும் அட்டை என்றால், அதில் அச்சான ஆங்கில எழுத்துகள் எதற்கு? 2013-இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தமிழ்நாடு 2016 நவம்பர் முதல் தேதிதான் சேர்ந்தது. முன்னுரிமைக் குடும்பங்களைப் பிரித்துக் காட்டச் சொல்கிறது அந்தச் சட்டம். தமிழ்நாட்டில் கிராமங்களில் 62.55 விழுக்காட்டினருக்கும் நகரங்களில் 37.79 விழுக்காட்டினருக்கும் மேல் அந்தச் சட்டத்தின் பயன் கிடையாது. ஆட்கணக்கில் சுமார் 3.64 கோடி பேர். மற்றவர்களின் அரிசிக்கு மாநில அரசு தன் கைப்பணத்தைப் போடுகிறது. பிஎச்எச் என்றால் முன்னுரிமை, மாதம் ஆளுக்கு ஐந்து கிலோ. அதோடு ஏஏஒய் சேர்ந்திருந்தால் மிக வறிய குடும்பம், 35 கிலோ. என்பிஎச்எச் என்றால் முன்னுரிமை இல்லாதது. அதற்கும் அரிசி உண்டு, குறைந்தது 12 கிலோ, அதிகம் போனால் 20. இருபது கிலோ என்பது நாளுக்கு ஏறக்குறைய 650 கிராம். எஸ் என்று முடிந்தால் அரிசிக்குப் பதில் சர்க்கரை. என்சி என்றால் பொருளே வேண்டாதவரின் அட்டை. பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்பதில் முன்னுரிமை பார்ப்பதில்லை.

முன்னுரிமைக்கான விதிகளை 2017-இல் அரசு வெளியிட்டபோது ஊரெல்லாம் கலக்கம். வருமான வரி கட்டுபவர், நான்கு சக்கர வாகனம் வைத்திருப்பவர், வீட்டில் ஏசி உள்ளவர், ஆண்டு வருமானம் ஒரு லட்சத்தைத் தாண்டியவர் ஆகியோர் முன்னுரிமையில் வர மாட்டார்கள் என்று இருந்தது. ஒரு லட்சத்தை 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 274 ரூபாய், அதுவும் குடும்பம் முழுவதற்கும். யாருடைய அரிசியும் நிற்காது என்று அரசு விளக்கம் சொன்ன பிறகுதான் ஊர் அடங்கியது. கேட்காமல் விட்டிருந்த கேள்வி பின்வாசல் வழியே வந்து எட்டிப் பார்த்த தருணம் அது.

அந்த எழுத்துகளின் கனம் மாநில எல்லையில் தெரியும். தறி நின்று வேலை தேடி பெங்களூருக்குப் போகும் குடும்பம், ஒரே நாடு ஒரே ரேஷன் ஏற்பாட்டில் அங்கேயே அரிசி வாங்கலாம். ஆனால் பிஎச்எச், ஏஏஒய் அட்டைகள்தான் அங்கே செல்லும். என்பிஎச்எச் அட்டைக்குப் பணம் போடுவது தமிழ்நாடு என்பதால் எல்லை தாண்டியதும் அது பேசாது. ஒரே தெருவில், ஒரே கூலிக்கு நெய்யும் இரண்டு குடும்பங்களில் ஒன்றுக்கு மட்டும் வெளியூரில் சோறு கிடைக்கலாம். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அதனால் அட்டையை எடுத்து அந்த எழுத்துகளை ஒருமுறை பாருங்கள். கணவரை இழந்து தனியே வாழ்பவர், மாற்றுத்திறனாளி உள்ள குடும்பம் போன்ற தகுதி இருந்தும் என்பிஎச்எச் என்று அச்சாகியிருந்தால், மாற்றக் கேட்டு வட்ட வழங்கல் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். பெயர் சேர்த்தல், நீக்கல், கைபேசி எண் மாற்றம் எல்லாவற்றுக்குமாக மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை வட்ட அளவில் குறைதீர் முகாம் நடக்கிறது. வாங்காத பொருளுக்குப் பில் போட்டதாகக் கைபேசியில் குறுஞ்செய்தி வந்தால் முகாம்வரை காத்திருக்க வேண்டாம், 1967 என்ற உதவி எண்ணை அழைத்தால் போதும்.