வாடகை குறைந்த இடத்தின் ருசி

ரொறன்ரோ நகர மையத்தில் குடியிருப்பவர்கள் கிழக்குப் புறநகரான ஸ்காபரோ என்றதும் முகம் சுளித்த காலம் ஒன்று இருந்தது. நடந்து கடக்க முடியாத அகன்ற சாலைகள், பாண் வாங்கப் போனாலும் கார், சாலையோரமெங்கும் ஒரே சாயலில் பழைய பிளாசாக்கள். இன்றைக்கு அதே ஆட்கள் ஞாயிறு மத்தியானம் லோரன்ஸ் அவெனியூவுக்கும் மார்க்கம் வீதிக்கும் சாப்பிட வருகிறார்கள். பிளாசாக்கள் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கின்றன. முன்னால் கார் நிறுத்தும் இடம், பின்னால் ஒட்டினாற்போல் பத்துப் பன்னிரண்டு கடை, மேலே வெயிலில் வெளுத்த பெயர்ப்பலகை. உள்ளே யார் அடுப்பு மூட்டுகிறார்கள் என்பதுதான் மாறிவிட்டது.

எக்ளிங்டன் கிழக்குச் சாலையில் 'கோல்டன் மைல்' என்று ஒரு பகுதி உண்டு. இரண்டாம் உலகப்போரில் வெடிமருந்துத் தொழிற்சாலை இருந்த இடம். போர் முடிந்ததும் அந்தப் பகுதியில் வேறு ஆலைகள் வந்தன, ஆலைத் தொழிலாளர்களுக்கு வீடுகள் வந்தன, 1954-இல் கோல்டன் மைல் பிளாசா வந்தது. 1959-இல் எலிசபெத் மகாராணி கனடாவுக்கு வந்தபோது அந்தப் பிளாசாவையும் கூட்டிப்போய்க் காட்டினார்கள். கார் வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஒரே இடத்தில் எல்லாம் கிடைக்கும் என்பது அன்றைக்கு அவ்வளவு பெரிய சங்கதி. சாப்பாடு என்று பார்த்தால் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும், முட்டையும் பன்றி இறைச்சியும், டோனட், கோப்பி. காரம் என்றால் மேசையில் இருக்கும் மிளகுத்தூள்.

இந்தப் பிளாசாக்களின் தலையெழுத்தை மாற்றியது 1973-இல் திறந்த ஸ்காபரோ டவுன் சென்ரர் போன்ற பெரிய அங்காடிகள். கூரைக்குக் கீழே குளிரில்லாமல் கடை பார்க்கலாம் என்றதும் வியாபாரம் அங்கே போயிற்று. பிளாசாக்களில் கடைகள் காலியாகின, வாடகை இறங்கியது. அதற்கு முன்பே, 1967-இல் கனடா குடிவரவுக்குப் புள்ளிமுறை கொண்டுவந்திருந்தது. எந்த நாட்டுக்காரர் என்பதைவிடப் படிப்பும் தொழிலும் மொழியும் கணக்கில் வந்தன. வந்தவர்களுக்கு மலிவான கடை தேவைப்பட்டது, கடைச் சொந்தக்காரருக்கு வாடகை தருகிற ஆள் தேவைப்பட்டது. ஸ்காபரோவின் சமையலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பல்கலாசாரம் என்று உருகுவார்கள். எனக்கென்னவோ, முதல் மசாலாவே குறைந்த வாடகைதான் என்று தோன்றும். கையில் காசில்லாதவன் ஊர்ச் சமையலை ஊர்ப்படியே செய்து பார்க்க, தோற்றாலும் தெருவுக்கு வராமல் இருக்க, அதுதான் இடம் கொடுத்தது.

எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. 1984-இல் அஜின்கோர்ட்டில், முன்பு உருளைச் சறுக்கு அரங்காக இருந்த கட்டடத்தில் டிராகன் சென்ரர் திறந்தது. வட அமெரிக்காவின் முதல் சீன உள்ளரங்கு அங்காடி என்று அதைச் சொல்வார்கள். கார் நிறுத்த இடமில்லை என்று அயலவர்கள் கூட்டம் கூட்டினார்கள். நூற்றுக்கணக்கில் ஆட்கள் திரண்டார்கள். கார்களைப் பற்றிய கோபம் எங்கே முடிகிறது, சீனர்களைப் பற்றிய கோபம் எங்கே தொடங்குகிறது என்பது அந்தக் கூட்டத்தில் பலருக்குத் தெளிவாகவே புரிந்திருக்கும். அங்காடி தாக்குப்பிடித்தது. அதைச் சுற்றி இன்னும் பல வந்தன.

இலங்கைத் தமிழரான எங்கள் ஆட்கள் பெருந்தொகையாக வந்தது 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு. 1986-இல் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் கரைசேர்த்தபோதுதான் கனடாவில் பலர் அப்படி ஓர் இனம் உண்டென்றே கேள்விப்பட்டார்கள். தொடக்கத்தில் மிளகாய்த்தூளும் பருப்பும் வாங்க நகரத்துக்குள் இருக்கும் ஜெரார்ட் வீதி இந்தியக் கடைகளுக்குப் போகவேண்டும். இடியப்பம் அடுக்குமாடி வீடுகளில் பிழிந்து, தெரிந்தவர்களுக்கு விற்கப்பட்டது. இரண்டு வேலை செய்கிற பெடியன்கள் ஒரு அறையில் ஐந்தாறு பேராக இருந்தார்கள். சமைக்க நேரமில்லை, சாப்பிட நாக்கு மட்டும் யாழ்ப்பாணத்திலேயே நின்றது. அந்தப் பசியை நம்பித்தான் பிளாசாக்களில் 'ரேக் அவுட்' கடைகள் முளைத்தன.

இன்றைக்கும் அந்தக் கடைகளின் அமைப்பு அதேதான். இருந்து சாப்பிட இரண்டு மேசை, அதுவும் பெரும்பாலும் பேருக்கு. கண்ணாடிப் பெட்டிக்குள் சூட்டு விளக்கின் கீழ் மட்டன் ரோல்ஸ், மீன் பற்றிஸ், கட்லட், வடை. பக்கத்தில் மாலுபணிஸ், சீனிச்சம்பல் பணிஸ், அச்சுப்பாண். இடியப்பம் எண்ணிக் கொடுப்பார்கள். ஐம்பது, நூறு என்றுதான் பேச்சு. "அக்கா, நூறு தாங்கோ, பாதி சிவப்பு." "சொதி புதுசா இறக்கினது தம்பி, ரெண்டு டப்பா போடுறன். சம்பல் உறைப்பு, சின்னப் பிள்ளையளுக்குப் பார்த்துக் குடுங்கோ." தட்டுத் தட்டாகப் பிரித்து, நடுவில் தாள் வைத்து, அலுமினியத் தட்டத்தில் அடுக்கி மூடியை மடிக்கும்போது அக்கா ஏறிட்டும் பார்ப்பதில்லை, கை தானாக எண்ணுகிறது. சம்பலும் சொதியும் இலவசம் என்பது எழுதப்படாத சட்டம். அதற்குக் காசு கேட்ட கடை நிலைத்ததாக நான் காணவில்லை.

முன்பு வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் தமிழர். இப்போது பிலிப்பீனோத் தாதிமாரும் கரீபியன் ஆட்களும் விரலால் சுட்டாமல் பெயர் சொல்லியே ரோல்ஸ் கேட்கிறார்கள். நாங்களும் சும்மா இருக்கவில்லை. லோரன்ஸில் விக்டோரியா பார்க் வீதி தாண்டியதும் அரபுப் பேக்கரிகளில் மாவைக் கையால் விரித்து, எண்ணெயில் குழைத்த ஸாத்தர் மூலிகைப்பொடியைப் பூசி, சூளைக்குள் தள்ளுவார்கள். சில நிமிடத்தில் ஓரம் உப்பி, நடு கறுத்து வெளியே வரும் அந்த மனாக்கீஷைக் காரிலேயே சுடச்சுடப் பிய்த்துத் தின்னாத தமிழ்ப் பிள்ளை ஸ்காபரோவில் குறைவு. கல்கத்தாவின் தங்ராவிலிருந்து வந்த ஹக்கா சீனர்களின் சில்லி சிக்கன் இப்போது எங்கள் பிறந்தநாள் வீடுகளிலும் நிரந்தரம். ஆப்கான் நாண், கயானா ரொட்டி, திரினிடாட்டின் டபிள்ஸ் என்று பட்டியல் போட்டால் முடியாது.

உணவு வண்டிகளின் கதைதான் இங்கே சப்பென்று இருக்கிறது. ரொறன்ரோ வீதியோரத் தள்ளுவண்டியில் நெடுங்காலம் ஹொட் டோக்கும் சொசேஜும் மட்டும்தான். மாகாணம் விதியைத் தளர்த்திய பிறகு, 2009-இல் மாநகரசபை பல நாட்டு உணவுக்கென்று ஒரு திட்டம் போட்டது. எட்டே வியாபாரிகள், சபை சொல்லும் வண்டியையே வாங்கவேண்டும், விலை முப்பதாயிரம் டொலர் அளவில், எங்கே நிற்பது என்பதும் சபையின் முடிவு. 2011-இல் திட்டம் கைவிடப்பட்டது, வியாபாரிகள் கடனோடு நின்றார்கள். 2014-இல் உணவு ட்ரக்குகளுக்கு வழி திறந்தார்கள். அதற்கும் ஆண்டுக்கு ஐயாயிரம் டொலருக்கு மேல் அனுமதிக் கட்டணம், உணவகங்களிலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கவேண்டும் (அடுத்த ஆண்டு முப்பதாகக் குறைத்தார்கள்). ஏழையின் முதல் கடையாக இருக்கவேண்டிய வண்டி, இங்கே வசதியானவரின் இரண்டாவது கடையாகிவிட்டது. அதனால் ஸ்காபரோவில் ட்ரக்கைத் தேடுகிறவர்கள் திருவிழாவுக்குக் காத்திருக்கவேண்டும். 2015-இல் மார்க்கம் வீதியை மறித்துத் தொடங்கிய தமிழர் தெருவிழாவில் கொத்து ரொட்டியின் தாளத்தையும் டீசல் ஜெனரேட்டரையும் சேர்த்துக் கேட்கலாம்.

ஸ்காபரோவின் பெயர் பரவியது எப்படி என்று பார்த்தால், சுரேஷ் டொஸ் என்ற உணவு எழுத்தாளருக்கு அதில் பெரிய பங்கு. சிறுவயதில் இலங்கையிலிருந்து வந்தவர். சிபிசி வானொலியில் இந்தப் பிளாசாக் கடைகளைப் பற்றியே பேசுவார், ஆட்களைக் கூட்டிக்கொண்டும் வருவார். டைலர் கோவன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் ஒரு தடவை சுற்றிவிட்டு, தான் பார்த்த புறநகர்களில் பல்நாட்டு உணவுக்கு இதுவே முதலிடம் என்ற தோரணையில் எழுதினார். நல்ல சாப்பாடு வேண்டுமானால் வாடகை குறைந்த இடத்துக்குப் போ என்பது அவருடைய பழைய வாதம். சொன்னவரும் பொருளியலாளர்தான், எனவே மேலே நான் வாடகை பற்றிச் சொன்னதை வெறும் கஞ்சத்தனம் என்று எடுத்துக்கொள்ளவேண்டாம்.

புகழோடு விலையும் ஏறியது. இங்கே பிறந்த பிள்ளைகள் சில கடைகளைக் கையில் எடுத்து, சுவருக்குக் கறுப்பு வர்ணம் அடித்து, கொத்துக்குள் சீஸ் போடுகிறார்கள். சீஸ் கொத்து எனக்குப் பிடிக்காது. ஆனால் அதற்கு நிற்கும் வரிசை நீளம். ஒரு விஷயத்தில் அவர்களைப் பாராட்டவேண்டும்: அம்மாவும் அப்பாவும் சம்பளமில்லாமல் உழைத்ததைக் கணக்கில் சேர்த்து விலை போடத் தெரிந்திருக்கிறார்கள்.

இப்போது பிளாசாக்களின் முன்னால் மாநகரசபையின் அறிவித்தல் பலகைகள். எக்ளிங்டனில் 2011-இல் தொடங்கிய இலகு ரயில் வேலை பத்தாண்டுக்கும் மேல் இழுத்து, சாலையைக் கிண்டி, பல கடைகளின் வியாபாரத்தைக் குடித்தது. ரயில் வருகிற இடத்தில் நிலம் விலையேறும். கோல்டன் மைலுக்கு நகரம் வகுத்திருக்கும் திட்டத்தில் பிளாசாக்களின் இடத்தில் முப்பது நாற்பது மாடிக் கோபுரங்கள். வீடு தேவை, மறுக்கவில்லை. கோபுரத்தின் அடித்தளத்திலும் கடைகள் வரும் என்கிறார்கள். வரும், ஆனால் புதுக் கட்டட வாடகையில் இடியப்பம் எண்ணி விற்று யாரால் கட்டுப்படியாகும்? கொத்துத் தட்டுக்கும் தந்தூர் சூளைக்கும் புகைபோக்கி வேண்டும். நாற்பது மாடி வீடுகளுக்குக் கீழே அதைக் கொண்டுபோவது செலவான வேலை. அந்த இடத்துக்கு வங்கியும் பல்வைத்தியரும்தான் பொருந்துவார்கள்.

சிலர் காத்திருக்கவில்லை. வீடு வாங்கக் கிழக்கே நகர்ந்த தமிழ்க் குடும்பங்களைப் பின்தொடர்ந்து அஜாக்ஸ், பிக்கரிங் பக்கம் ரேக் அவுட் கடைகள் போய்விட்டன. அங்கேயும் பிளாசாதான், முன்னால் கார் நிறுத்த இடம்தான். ஸ்காபரோவில் இருப்பவர்கள் சனிக்கிழமைகளில் 401 நெடுஞ்சாலையில் கிழக்கே ஓடி, நூறு இடியப்பத்தோடு திரும்பி வருகிறார்கள். சம்பலும் சொதியும் இன்னும் இலவசம்.